பெற்றோர் வழியும் வினை வழியும்

“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது நம் நாட்டு முதுமொழி. ஒரு மனையின்கண் மகவு பிறந்தால், காணச் சென்றோர் முதற்கண் ஆராய்வது கண் யாருடையது, மூக்கு எவ்வழியது, நிறம் எக்குடியினின்று வந்தது என்பதேயாம். அம்மகவு வளர்ந்துழி, அதன் சினமும் பொறையும் ஈகையும் இவறன்மையும் எவ்வழி வந்தன என்றும் ஆராய்வர். நல்லன தங்குடிக்கும் அல்லன மருமகள் பிறந்த குடிக்கும் உரியவென்று பகுத்துக்கொள்ளுதலும் உலகியலிற் காணப்படுவதே. இவை நகைத்து விடற்பாலன. ஆயின், மகவு பிணியோடாதல் உறுப்புக் குறையோடாதல் பிறந்தவிடத்து நகைக்கு இடமில்லை. “முன்னை வினை” என்னும் ஒரு சொல்லான் முடித்துச் செல்வார் சிலர். “தாய்வழிக் குற்றம்” என்று பெற்றவளைச் சுடுசொற் கூறுவார் சிலர். ஈன்ற நோவு ஆறுமுன்னே இவ்விரு சொல்லையும் அத்தாய் கேட்க நேர்கின்றது. ஆகலின், பெற்றோரினின்று பிள்ளைக்கு வருவது யாது, உயிர் தன்னொடு கொண்டு வருவது யாது, இவற்றைக் கூட்டுவிப்பான் யாவன் என்பனவற்றைச் சைவ சித்தாந்த நெறிநின்று ஆராய்ந்து தெளிதல் கற்றார்க்குக் கடனாகின்றது.

முதற்கண், உயிர்நூலார் கண்டு நிறுவியவற்றைச் சுருங்கக் கூறுதும். ஐரோப்பாவின்கண் பிரன் நகரத்துக் கிறித்துவ மடமொன்றிற் றுறவியாய் இருந்த மெண்டல் என்பார் (1822–1884), 1856 முதல் 1863 வரை அம்மடத்துத் தோட்டத்திற் பட்டாணிச் செடிகளைப் பயிரிட்டு ஆராய்ந்தார். உருண்ட விதை தருஞ் செடியொடு திரைந்த விதை தருஞ் செடியை மகரந்தத்தாற் கூட்ட, அடுத்த தலைமுறையில் விதையெல்லாம் உருண்டனவாகவே இருந்தன. திரைவு அற்றொழிந்தது போலக் காணப்பட்டது. அத்தலைமுறைச் செடிகளைத் தம்முள்ளே காய்க்க விட்டபோது, 5,474 விதைகள் உருண்டனவும் 1,850 விதைகள் திரைந்தனவும் ஆயின; அஃதாவது, ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. எனவே, திரைவு அழிந்ததன்று, மறைந்து நின்றதே என்பது பெறப்பட்டது. அவர் 1865-இல் ஓர் அவையின்கட் படித்து 1866-இல் அச்சிட்ட இவ்வாராய்ச்சியை அக்காலத்து அறிஞர் பொருட்படுத்தாது விட்டனர். அவர் மறைந்து பதினாறாண்டு கழிந்தபின், 1900-ஆம் ஆண்டிலேயே, அஃது உலகோரால் உணரப்பட்டது.

மக்கள் உடம்பிலும் நிகழ்வது இதுவே. தந்தைவழி 23, தாய்வழி 23 ஆகக் குரோமோசோம் என்னும் இழைகள் 46 ஒன்றுகூடிக் கருவாகின்றன. அவ்விழைகளின் உட்பொருளாகிய டி.என்.ஏ. என்பதன் வடிவு 1953-இல் அறியப்பட்டது. அதன்கண் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள என்பர். நிறம், உயரம், குருதியின் வகை, சில நோய்கள், ஒருசார் மனப்பாங்கிற்கு ஏதுவாம் உடற்கூறு என்பன இவற்றைப் பற்றி வருகின்றன. பிறப்பது ஆணோ பெண்ணோ என்பது தந்தை வழி வரும் இழையொன்றான் அமைவது. பெண்மகவே பெற்றாளென்று மருமகளை வைவோர் இதனையேனும் அறிந்து நாணுதல் நன்று.

பெற்றோர் தம் வாழ்நாளில் முயன்று தேடிய கல்வி முதலியன இவ்வாறு வருவன அல்ல. நம் நாட்டார் எத்துணையோ தலைமுறையாகக் காது குத்தி வருகின்றனர். காது குத்தப்பட்ட மகவு இன்றுகாறும் பிறந்ததில்லை. தொல்காப்பியத்தை உரையொடு கற்ற புலவன் மகனும் அகரத்திலேதான் தொடங்குகின்றான். ஒரு கருவே இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையர்க்கு மரபணு ஒன்றாயிருப்பினும், அவர் கைவிரல் வரைகள் ஒவ்வா. அவர் வாழ்க்கை நெறியும் ஒன்றாதல் இல்லை. இத்துணையும் உயிர்நூலார் கூறுவது.

இனி, இதனைக் கேட்ட உலகாயதன் எழுந்து, “பிள்ளையின் உருவும் குணமும் பெற்றோர் வித்தினாலேயே அமைவது கண்கூடாயிற்று. வெற்றிலையும் பாக்கும் சுண்ணமும் கூடியவழிச் செம்மை பிறத்தல்போல, இருவர் கூறும் கூடியவழி அறிவும் பிறந்தது. இடையில் உயிர் என ஒன்றும், வினை என ஒன்றும், அதனைக் கூட்டுவிப்பான் ஒருவனும் வேண்டப்படுமாறு என்னை?” எனக் கடாவுவான்.

அவற்குக் கூறுதும். மரபணு ஓர் எழுத்துச் சுவடி போல்வது. சுவடியின்கண் உள்ள எழுத்து இன்னது என்று நீ கூறினாய், அதனை ஒப்புக்கொள்வேம். அச்சுவடியைக் கையிற்கொண்டு இன்புற்றும் துன்புற்றும் படிப்பவன் யாவன் என்பதற்கு நீ விடை கூறிற்றிலை. “என் உடம்பு நோகின்றது” என்பவன் உடம்பைத் தன்னின் வேறாக வைத்தே கூறுகின்றான். அன்றியும், தந்தையின் இரு கூற்றுள் இக்கூறு இம்மகவிற்கு வந்தது ஏன், மற்றைக் கூறு அதன் தம்பிக்குச் சென்றது ஏன் என்று வினாவினால், “அது தற்செயல்” என்பதே உன் விடை. எத்தனைக்கு எத்தனை என்னும் கணக்கு உன்பால் உண்டு. இவ்வுயிர்க்கு இவ்வுடம்பு என்னும் நியதிக்குக் காரணம் உன்பால் இல்லை. சோதனைக் கூடத்தில் உயிரையும் வினையையும் காட்டுக என்றால் யாமும் காட்டமாட்டேம். அது கருவிக்கு எட்டும் பொருளன்று. ஆயினும், அளந்தறிந்த கருவியின் எல்லையே பொருளின் எல்லை என்பது நின் துணிபேயன்றி, நீ கண்ட காட்சியன்று.

சித்தாந்தத்தின் முடிபு வருமாறு. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. உயிர் ஒருவராற் படைக்கப்பட்டதன்று. ஆகவே தாய் தந்தையர் மகவிற்கு உயிரைத் தந்தாரல்லர். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்று தோன்றுவன. அவற்றை உயிரின் வினைக்கு ஈடாகக் கூட்டுவிப்பவன் இறைவன். உயிர் ஒரு தூலவுடம்பை விட்டு நீங்குங்கால் சூக்கும உடம்பொடு சென்று, வினைக்கேற்பப் பின்னொரு கருவை அடையும். பிணியும் மூப்பும் உள்ளிட்ட ஆறும் கருவிலேயே அமைந்துவிடும் என்று சிவஞான சித்தியார் கூறும். தூலவுடம்பு தாய்தந்தையர் வித்தினின்று வருவதென்பதை நம் நூல்கள் யாண்டும் மறுத்ததில்லை. அவ்வித்தும் மாயையின் காரியமே. ஆகலின், மரபணு என இக்காலத்தார் கண்டது மாயாகாரியமாகிய தனுவினுள் அடங்குமேயன்றி, முப்பொருளின் வேறாய நான்காம் பொருளன்று. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரிய வாதத்தைப் பயின்றார்க்கு, ஒரு தலைமுறை மறைந்து நின்ற திரைவு மறுதலைமுறையில் வெளிப்பட்டது வியப்பன்று.

அற்றேல், “எல்லாம் வினைவழியவே எனின், பெற்றோரை ஒத்துப் பிள்ளை பிறத்தல் எற்றுக்கு? பெற்றோரை ஒத்தே பிறக்கும் எனின், வினை எற்றுக்கு?” எனின், இரண்டும் வேறுவேறு வினாவிற்கு விடையாதலின் தம்முள் மோதாவென்க. வினைப்பயன் தானே பறந்து வந்து ஒட்டுவதன்று. ஒரு வாயிலாகவே வந்து பொருந்தும். நெல் விளைவது உழவன் உழைப்பாலோ மழையாலோ வித்தாலோ எனின் மூன்றாலும் என்பதே விடை. ஒன்றைக் கூறியதனால் மற்றையது பொய்யாதல் இல்லை. அதுபோல, இன்ன உடம்பு எவ்வாறு அமைந்தது என்பார்க்குப் பெற்றோர் வழி என்றும், இவ்வுயிர் இவ்வுடம்பின்கண் வந்தது ஏன் என்பார்க்கு வினை வழி என்றும் கூறுதலே முறை.

இங்ஙனம் பகுத்துணர்தற்குப் பெரியபுராணத்துக் கோச்செங்கட் சோழர் வரலாறு சிறந்த சான்றாகின்றது. திருவானைக்காவில் இறைவர்க்கு நூற்பந்தர் இட்டு வழிபட்ட சிலந்தி, சோழவேந்தர் சுபதேவரும் அவர் தேவி கமலவதியாரும் தில்லைக் கூத்தனை வணங்கி மகப்பேறு வேண்டிய காலத்து அவ்வம்மையார் திருவயிற்றில் வந்து மகவாயிற்று. ஒரு நாழிகை கழித்துப் பிறப்பின் உலகாள்வன் என்று கணிதர் கூற, தாய் தன்னைத் தலைகீழாகக் கட்டுவித்துப் பிறப்பைத் தாழ்த்தினர். அங்ஙனம் தாழ்த்துப் பிறந்தமையின் மகவின் கண் சிவந்திருந்தது. மகவைக் கண்டு அழைத்த அளவில் தாய் உயிர் நீத்தனர். இதன்கண் மூன்று வழி பிரித்துக் காணக் கிடக்கின்றன. அரசர் குடியும் உடம்பும் சுபதேவர் வழி வந்தன. கண்ணின் செம்மை தந்தை வழியும் அன்று, முன்னைச் சிலந்தியின் வழியும் அன்று. கருப்பையின்கண் நேர்ந்த இடர் வழி வந்தது. முன்னைப் பிறவியுணர்வொடு கோயில் பல எடுத்ததும், தில்லைவாழந்தணர்க்கு மாளிகைகள் சமைத்ததும் உயிரொடு வந்த அன்பின் வழியன. உயிர்நூலார், மரபணு ஒருபுறமும் கருவும் சூழலும் ஒருபுறமுமாக வைத்து ஆராய்வர். சேக்கிழார் பெருமான் அவ்விரண்டனையும் வைத்து, அவற்றின்மேல் மூன்றாவதாக உயிரையும் வைத்தருளினார்.

இனி, ஒருசார் குணம் பெற்றோர் வழி வருமெனின், அதனின் உயிர் மீளுதல் கூடுமோ என்பது ஆராயற்பாலது. “என் தந்தையும் குடித்தார், யானும் குடிக்கின்றேன், இது குருதியில் ஊறியது” என்பான் ஒருவனை நாம் காண்கின்றோம். அவன் கூற்றில் ஒருகூறு மெய். குடிவேட்கைக்கு எளிதில் ஆட்படும் தன்மை மரபு வழியும் வரும் என்று மருத்துவர் கூறுவர். ஆயின் அஃது அவனைத் தள்ளும் சரிவேயன்றிக் கட்டி வீழ்த்தும் கயிறன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. பளிங்கின்கீழ்ச் செம்பட்டு விரித்தாற் செம்மையும், நீலப்பட்டு விரித்தால் நீலமும் தோன்றும். அந்நிறம் பளிங்கின் இயல்பாதல் இல்லை. குடிவழி வந்த சினமும் வேட்கையும் உடம்பைச் சார்ந்தமையால் உயிரின்கண் தோன்றும் வண்ணங்களே. சார்பு மாறின் வண்ணமும் மாறும்.

இதற்கு நடுநாடே சான்று பகரும். திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் பிறந்த மக்கள் இருவர். ஒரே குருதி, ஒரே மனை, ஒரே வளர்ப்பு. தமக்கையார் திலகவதியார் திருவதிகை வீரட்டானத்துத் திருவலகும் திருமெழுகும் இட்டுச் சிவத்தொண்டில் நின்றார். தம்பியார் மருணீக்கியார், இன்று கடலூரின் ஒரு பகுதியாய் விளங்கும் திருப்பாதிரிப்புலியூரின்கண் அமண்பள்ளி புகுந்து தருமசேனர் எனப் பெயர் பூண்டார். பெற்றோர் வழியே முழுவதும் எனின் இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது? பின்பு, எந்தப் பாதிரிப்புலியூரில் அவர் பிறநெறிக்குத் தலைவராய் இருந்தாரோ, கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பட்டபின் அந்தப் பாதிரிப்புலியூரிலேயே நாவுக்கரசராய்க் கரையேறினார். அவருடம்பின் மரபு இடையில் மாறிற்றன்று. உயிரின் சார்பு மாறிற்று.

அவ்வரலாற்றில், இக்கட்டுரைப் பொருட்கு உயிர்நிலையாவது ஒன்றுண்டு. சூலைநோயால் வருந்திய தம்பியார் இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையார் திருவடியில் வீழ்ந்தபோது, அவ்வம்மையார், “நம் நெறி விட்டதன் பயன் இது” என்று கூறினாரல்லர். “இது நின் வினை, நீயே துய்க்க” என்று கதவடைத்தாருமல்லர். எடுத்துத் தேற்றினார்; இறைவன் அருளென்று கூறினார்; அஞ்செழுத்தோதித் திருநீறு அளித்தார்; தம்மொடு திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். வினைக்கொள்கையை அவரினும் நன்குணர்ந்தார் யாவர்? அவ்வாறு உணர்ந்தும், பிறர் நோயைக் கண்டுழி அவர் வாயினின்று வந்தது வினைக்கணக்கு அன்று, திருநீறே.

எனவே, வினைக்கொள்கை தன்னை ஆராய்ந்து திருந்துதற்கு இறைவன் நூலாற் காட்டியதேயன்றி, அயலார் தொட்டிலை எட்டிப் பார்த்துத் தீர்ப்புக் கூறுதற்குத் தந்ததன்று. ஓருயிரின் சஞ்சிதம் இத்துணை, பிராரத்தம் இத்துணை என்று அறிவான் சிவபெருமான் ஒருவனே. அக்கணக்கை அறியாத நாம் அறிந்தார் போலக் கூறுவது பொய். அதனால் ஒரு தாயின் நெஞ்சு புண்படுமாயின் அஃது இன்னாமையுமாம். இவ்விரண்டும் நமக்கு ஆகாமியமாய் ஏறும். பிராரத்தம் மகவினுடையதாயினும், அதன்பால் நாம் செய்யும் இரக்கமும் இரக்கமின்மையும் நம்முடையனவே. மருந்தும் மருத்துவனும் செவிலியும் வந்து வாய்ப்பதும் அவ்வுயிரின் வினைவழியே ஆதலின், “விதியாயின் மருந்தெற்றுக்கு?” என்பது அறியாமை.

பெற்றோர்க்கும் கடன் உண்டு. மறைந்து நின்ற திரைவைப் போலவே, சில நோய்கள் நலமுடையார் இருவரிடத்தும் வெளிப்படாமல் மறைந்து நிற்கும். இருவரிடத்தும் அந்நோய்க்கூறு ஒன்றாயிருப்பின், பிறக்கும் மகவு ஒவ்வொன்றற்கும் அது வெளிப்படும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாய்மாமனும் மருமகளும் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கும், மாமன் மக்களும் அத்தை மக்களும் எட்டில் ஒரு பங்கும் பொதுவாக உடையர். ஆகலின், நம் தமிழகத்து வழக்கமாயுள்ள நெருங்கிய உறவு மணத்தில் இவ்வாய்ப்பு மிகுகின்றது. அம்மணத்திற் பிறந்தாரெல்லாம் நோயர் என்பதன்று, பெரும்பாலார் நலமுடையரே. ஆயினும், குடியில் நோய் உண்டென்று அறிந்தார் மருத்துவரை உசாவாது, நிலமும் பொன்னும் வெளிச்செல்லா என்னும் அவாவினால் மணங்கூட்டுவரேல், அங்கே வினையின்மேற் பழி போடுதல் தகாது, அவா தம்முடையது. இனி, அறியாது மணந்து நோயுற்ற மகவைப் பெற்றாரை இகழ்தலும் தகாது. இருவர் கூறும் கூடியே அந்நோய் வந்தமையின், தாயொருத்தியின் மேலேற்றுதற்கு நூலும் இடந்தரவில்லை, அறமும் இடந்தரவில்லை.

இவ்வெல்லையைக் கடந்து, குடிவழியே மக்களை உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப் பகுத்துத் தாழ்ந்தோர் பெருகாமற் செய்யலாம் என்னும் கொள்கைக்கு இங்கிலாந்தின்கண் கால்டன் என்பார் 1883-இற் பெயரிட்டு வைத்தார். சருமானிய நாட்டில் 1933-இல் அது சட்டமாகி, ஏறத்தாழ 4 இலட்சம் பேர் மகப்பேறு இழக்குமாறு செய்யப்பட்டனர். உடம்பின் குறையை உயிரின் தரமாகக் கொண்டதனால் விளைந்த கொடுமை இது. நம் நாட்டிலும், பிறப்பொன்றைக் கொண்டே ஓருயிரின் தகுதியை அளந்த பிழை இல்லாமற் போகவில்லை. ஆதனூர்ப் புலைப்பாடியிற் பிறந்த திருநாளைப்போவாரைத் தில்லையின் எல்லையில் நிறுத்தியது ஊர் வழக்கு. உள்ளே அழைத்தது கூத்தன் திருவருள். தொகையடியாருள் தில்லைவாழந்தணரை முதலில் வைத்த திருத்தொண்டத் தொகையே, அவரையும் அவ்வரிசையில் வைத்துப் போற்றுகின்றது.

முடிவாக ஒன்று கூறுதும். சந்தானம் என்னும் சொல்லுக்கு வழித்தோன்றல், மக்கட்பேறு என்பது பொருள். நம் முன்னோர் அச்சொல்லைக் குரவர் மரபிற்கு இட்டனர். மெய்கண்டார், அருணந்தி சிவாசாரியார், மறைஞான சம்பந்தர், உமாபதி சிவாசாரியார் என்னும் சந்தான குரவர் நால்வருள் ஒருவர் மற்றொருவர்க்கு மைந்தர் அல்லர். திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகவின்றி வருந்தியபோது வழிகாட்டியவர், அவர் குலகுருவாகிய திருத்துறையூர்ச் சகலாகம பண்டிதர். அவர் வாக்கின்வழித் திருவெண்காட்டிறைவனை வழிபட்டுப் பெற்ற மகவே மெய்கண்டார். அக்குழவியின் அடியிலேயே அம்முதியவர் மாணாக்கராய் அமர்ந்து அருணந்தியானார். குடிமுறையில் தந்தைக்கும் குருவானவர், அருள்முறையிற் பிள்ளைக்குப் பிள்ளையானார். உமாபதி சிவம் தில்லைவாழந்தணர் குடியிற் றோன்றியவர்; மறைஞான சம்பந்தரைப் பின்தொடர்ந்து, நெய்வார் தம் பாவிற்கு இடும் கூழை அவர் கைவழி ஒழுக ஏற்றுண்டமையால் தம் குடியினராற் புறக்கணிக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வாழ்ந்தனர் என்பது வரலாறு. அவர் அருளிய சங்கற்ப நிராகரணம் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313, என்று தன் காலத்தைத் தானே கூறும். சாத்திரம் பதினான்கனுள் எட்டு அவர் வாக்கு. குடி விலக்கியது, மரபோ அவரைக் கொண்டே நிலைத்தது. அண்மைக் காலத்தும், திருப்பாதிரிப்புலியூரில் எழுந்தருளியிருந்து 1905-இற் சைவ சித்தாந்த மகா சமாசம் தோன்றுதற்கு ஊன்றுகோலாய் நின்ற ஞானியார் சுவாமிகள் (1873–1942) வழிவழி வந்த பீடம், மைந்தர்க்கு மைந்தராய் வந்ததன்று. மாணாக்கர்க்கு மாணாக்கராய் வந்தது.

ஆகலின், பெற்றோர் தருவது உடம்பு. அதனொடு அதன் நலமும் குறையும் வரும். அவற்றிற்காக அவரை வணங்கலாம், வைதல் ஆகாது. உயிர் கொண்டுவருவது வினை. அதன் கணக்கு இறைவன்பாலது, நம்பாலதன்று. இவ்விரண்டனையும் கடந்து உயிரைத் தன் வண்ணமாக்குவது திருவருள். அது குருதி வழிச் செல்வதன்று, குருவழிச் செல்வது. பிள்ளைகட்குத் தம் முகத்தையும் நிறத்தையும் தருதல் பெற்றோர் செயலன்று. அவை தாமே வரும். அவர்தம் செயலாவது, நல்ல சார்பினைத் தேடித் தருதலே. குறையுடைய மகவாயின் அச்சார்பு பன்மடங்கு வேண்டப்படும். அதனைத் தருதற்குப் பெற்றோர் மட்டுமன்றி, அம்மகவைக் காணும் சைவர் ஒவ்வொருவரும் திலகவதியார் நின்ற நிலையில் நிற்பாராக.

திருச்சிற்றம்பலம்.